கோழியை அடைக்கு வைப்பது: முட்டை சேர்ப்பதில் தொடங்கிக் குஞ்சு இறக்கும் வரை

“பன்னிரண்டு முட்டை வச்சேன், நாலுதான் பொரிச்சுது, மிச்சமெல்லாம் கூமுட்டை.” வீட்டில் புதிதாக நாட்டுக்கோழி வளர்ப்பவர்கள் அடிக்கடி சொல்வது இது. பழி கோழி மேல் விழும், இல்லாவிட்டால் ஐப்பசி இடி மேல். கோழிக்கு அதன் வேலை தெரியும். முட்டைக்கு வேண்டிய 37.5 டிகிரி செல்சியஸ் சூட்டைக் கொடுப்பது, ஓரத்து முட்டையை நடுவுக்குத் தள்ளுவது, அலகால் புரட்டுவது எதையும் அதற்கு நாம் சொல்லித்தர வேண்டியதில்லை. கோளாறு பெரும்பாலும் கோழி கூடையில் ஏறுவதற்கு முந்தைய பத்து நாளில்தான் நடக்கிறது. சேவல் சரியில்லை, முட்டை சூட்டில் கிடந்தது, பேன் பிடித்த கோழியை அப்படியே உட்கார வைத்தாயிற்று என்று காரணம் ஏதாவது ஒன்று இருக்கும். அதனால் இங்கே அந்தப் பத்து நாளைப் பற்றித்தான் அதிகம்.

எந்தக் கோழி அடைக்கு உட்காரும்

எல்லாக் கோழியும் உட்காராது. வெள்ளை லெகார்ன் போன்ற பண்ணை முட்டைக்கோழிகளிடம் அடைக் குணத்தைப் பல தலைமுறையாகக் கழித்துவிட்டார்கள். அடைக்கு உட்கார்ந்தால் முட்டை நின்றுவிடும், பண்ணைக்கு அது நட்டம். வனராஜா, கிராமப்பிரியா போன்ற மேம்படுத்திய இனங்களை நம்பியும் அடை வைக்க முடியாது. குஞ்சு இறக்குவதுதான் நோக்கம் என்றால் நாட்டுக்கோழிதான் சரி. அதிலும் ஒன்று, ஒன்றரை கிலோ எடையுள்ள சிறுவிடைப் பெட்டை நல்ல தாய். பெருவிடைக் கோழிகளும் உட்காரும். ஆனால் உடல் கனம், கால் கனம், அதனால் முட்டை மிதிபட்டு உடைவது அதிகம். முதல் தடவைக்குச் சிறுவிடை எடுங்கள்.

தொடக்கத்துக்கு ஒரு சேவலும் நான்கைந்து பெட்டையும் போதும். ஒரு நல்ல சேவல் எட்டுப் பத்துப் பெட்டைகளைச் சமாளிக்கும். நான்கைந்து மாத விடைக்கோழிகளாக, அதாவது இன்னும் முட்டைக்கு வராத இளம் பெட்டைகளாக வாங்கினால் ஆறு மாதம் முடிகிற வாக்கில் முட்டைக்கு வந்துவிடும். சந்தையில் வாங்கிய கோழியை நேராகப் பழைய கோழிகளோடு விடாதீர்கள். பல ஊர்க் கோழி ஒரே கூடையில் நெருக்கியடித்து வந்திருக்கும், கூட்டத்தையே கொல்லும் வெள்ளைக் கழிச்சல் நோய் அப்படித்தான் வீடு வந்து சேரும். இரண்டு மூன்று வாரம் தனியாக வைத்துப் பார்த்த பிறகு சேருங்கள்.

பக்கத்து வீட்டுக்காரர் சேவல் கூவுவதைப் பொறுக்க மாட்டார் என்றால் சேவல் வளர்க்க வேண்டாம். தெரிந்தவர் வீட்டிலிருந்து சேவல் சேர்ந்த முட்டையாக வாங்கி வைக்கலாம். கடையில் விற்கும் பண்ணை முட்டையை வைப்பது வீண், அந்தக் கோழிகள் சேவல் முகமே பார்த்திருக்காது. புதிதாகச் சேவல் விட்டவர்கள் பத்து நாளாவது கழித்து இடும் முட்டைகளை அடைக்கு எடுங்கள். சேவலை விற்றுவிட்டாலும் அடுத்த ஒரு வாரம், பத்து நாள் வரை கருமுட்டை கிடைக்கும்.

கொட்டகையும் தீனியும்

இதை நீட்ட வேண்டியதில்லை. பகலில் மேயும் கோழிக்கு இரவு தங்க ஒரு கோழிக்கு இரண்டு சதுர அடி போதும். கொட்டகையின் நீளம் கிழக்கு மேற்காக இருக்கட்டும், வெயில் உள்ளே இறங்காது. நீளப் பக்கங்களில் கம்பி வலை, தரையில் இரண்டு மூன்று அங்குலத்துக்கு உமி அல்லது தென்னை நார்க்கழிவு, இரண்டடி உயரத்தில் உட்காரக் கம்பு. வலைக் கண் பெரிதாக இருந்தால் கீரியும் மரநாயும் நுழையும். கதவிடுக்கு இரண்டு விரல் அகலம் இருந்தால் பெருச்சாளிக்கு அதுவே வாசல். நான்கைந்து பெட்டைக்கு ஒன்று என்ற கணக்கில், ஓரடிக்கு ஓரடி அளவில், வைக்கோல் போட்ட முட்டைப் பெட்டி இருட்டான மூலையில் வேண்டும்.

வளர்ந்த கோழி ஒரு நாளைக்கு 80 முதல் 100 கிராம் வரை தின்னும். வெளியே மேய்ந்து வந்தால் பாதியை அதுவே பொறுக்கிக்கொள்ளும். மீதிக்கு மாலையில் ஆளுக்கு ஒரு கை கம்போ சோளமோ நெல்லோ போடுங்கள். கிளிஞ்சல் தூள் எப்போதும் ஒரு தட்டில் இருக்கட்டும். தோல்முட்டை விழுந்தால் சுண்ணாம்புச் சத்து போதவில்லை என்று பொருள். ஓடு மெலிந்த முட்டை அடைக்கு ஆகாது.

முட்டை சேர்ப்பது

நாட்டுக்கோழி ஒரு ஈட்டுக்குப் பத்து முதல் பதினைந்து முட்டை வரை இடும், அதன் பிறகு அடைக்கு வரும். முதல் முட்டைக்கும் கடைசி முட்டைக்கும் இரண்டு வாரத்துக்கு மேல் இடைவெளி விழுந்துவிடும். எல்லாவற்றையும் சேர்த்து வைப்பதுதான் நாம் செய்யும் முதல் தவறு.

முட்டைக்கு வயது உண்டு. இட்ட ஏழு நாளுக்குள் அடைக்கு வைத்தால் நல்ல பலன் கிடைக்கும், அதற்கு மேல் ஒவ்வொரு நாளும் பொரிக்கும் வாய்ப்பு குறையும். கோடையில் நான்கைந்து நாளே அதிகம். காரணம் இது: முட்டை கோழி வயிற்றிலிருந்து வரும்போதே உள்ளே கரு வளரத் தொடங்கியிருக்கும். வெளியே வந்து குளிர்ந்ததும் வளர்ச்சி நின்று உறங்கும். சூடு ஏறக்குறைய 20 டிகிரிக்குக் கீழே இருந்தால்தான் அந்த உறக்கம் முழுதாக இருக்கும். சித்திரை, வைகாசியில் நம் வீட்டுக்குள் 35 டிகிரி. அந்தச் சூட்டில் கரு தூங்கவும் முடியாமல், ஒழுங்காக வளரவும் முடியாமல் அரைகுறையாக வளர்ந்து செத்துப்போகும். பிறகு நீங்கள் எப்பேர்ப்பட்ட கோழியை உட்கார வைத்தாலும் அது கூமுட்டைதான்.

முட்டையை நாளுக்கு இரண்டு தடவையாவது எடுத்துவிடுங்கள். பழகிய இடத்தை விட்டுக் கோழி ஓடிவிடாமல் இருக்க, ஒரு பழைய முட்டையில் கரிக்கோடு போட்டு அங்கேயே விட்டு வையுங்கள். எடுத்த முட்டையை வைக்க மண்பானை நல்லது. பானையில் பாதிக்கு மணல் நிரப்பி, தண்ணீர் தெளித்து ஈரமாக்கி, மேலே மடித்த பருத்தித் துணி போட்டு, அதன் மேல் முட்டையைக் கூர்ப்பக்கம் கீழாக நிறுத்துங்கள். பானை வாயை மெல்லிய துணியால் கட்டி வீட்டில் குளிர்ந்த மூலையில் வையுங்கள். மணலில்தான் ஈரம் இருக்க வேண்டும், முட்டை நனையக் கூடாது. குளிர்பெட்டியில் வைத்த முட்டை வேண்டாம். அந்தக் குளிர் கருவுக்கு அதிகம், வெளியே எடுத்ததும் ஓட்டில் நீர் வியர்த்து அழுக்கும் கிருமியும் உள்ளே இறங்கும்.

எச்சம் பட்ட முட்டையைக் கழுவாதீர்கள். ஓட்டின் மேல் கண்ணுக்குத் தெரியாத ஒரு பூச்சு இருக்கிறது, கிருமியைத் தடுப்பது அதுதான். காய்ந்த துணியால் லேசாகத் துடைத்துப் போகிற அழுக்கு போகட்டும். ரொம்பவும் அழுக்கான முட்டையைச் சமைத்துவிடுங்கள்.

அடைக்குப் பொறுக்கும்போது நடுத்தர அளவு, 40 கிராம் வாக்கில், ஓடு வழவழப்பாக இருப்பதை எடுங்கள். மிகப் பெரியது, சின்னது, உருமாறியது, கீறல் விட்டது எல்லாம் கழிவு. இரண்டு முட்டையை லேசாக ஒன்றோடொன்று தட்டினால் கீறல் விட்டது மந்தமாக ஒலிக்கும். விடைக்கோழி முதன்முதலாக இடும் குட்டி முட்டைகளை விட்டுவிடுங்கள். கூரான முட்டை சேவலாகும், உருண்டை முட்டை பெட்டையாகும் என்ற கணக்குக்கு ஆதாரம் கிடையாது. அதை நம்பி நல்ல முட்டையை ஒதுக்க வேண்டாம்.

கோழி அடைக்கு வந்துவிட்டதா

அடைக்கு வரும் கோழி முட்டை இட்ட பிறகும் பெட்டியை விட்டு இறங்காது. கையை நீட்டினால் சிறகைப் பரப்பி, உடம்பைச் சிலிர்த்து, தொண்டைக்குள் உறுமிக் கையைக் கொத்தும். இறக்கி விட்டால் ‘கொக்… கொக்…’ என்று விட்டு விட்டுச் சத்தம் போட்டுக்கொண்டு நடக்கும், நான்கு தானியம் பொறுக்கித் தின்றுவிட்டு மறுபடி பெட்டிக்கே ஓடும். அடிநெஞ்சைத் தொட்டுப் பாருங்கள். இறகு உதிர்ந்து வெறும் தோலாக, கைக்கே தெரிகிற சூட்டோடு இருக்கும். முட்டை அந்தத் தோலில் நேராகப் படுவதற்குத்தான் இந்த ஏற்பாடு. புரோலாக்டின் என்ற சுரப்பு கூடுவதால் இதெல்லாம் நடக்கிறது.

பகலில் உட்கார்ந்திருப்பதை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள். இரவு எட்டு மணிக்குப் போய்ப் பாருங்கள். மற்றக் கோழிகளோடு கம்பில் ஏறியிருந்தால் இன்னும் வரவில்லை. தொடர்ந்து மூன்று இரவு பெட்டியிலேயே இருந்தால் உறுதி. இந்த மூன்று நாளும் அதன் அடியில் இரண்டு பழைய முட்டையோ மரமுட்டையோ போதும். அவசரப்பட்டு நல்ல முட்டையை வைத்து, நான்காம் நாள் கோழி இறங்கிப் போனால் முட்டை அத்தனையும் போய்விடும்.

உட்கார வைக்கும் முன் கோழியைச் சுத்தம் செய்வது

இதைத்தான் பலரும் தவறவிடுகிறார்கள். பேன், செள் பிடித்த கோழி மூன்று வாரம் ஓரிடத்தில் உட்கார்ந்தால் பூச்சிக்கு அது விருந்து. அரிப்புத் தாங்காமல் பத்தாம் நாள், பன்னிரண்டாம் நாள் கோழி கூடையை விட்டு எழுந்துவிடும். சில கோழி இரத்தம் வற்றிக் கொண்டை வெளுத்து, முட்டை மேலேயே சாகும்.

கோழியைத் திருப்பிப் பிடித்து, பின்வாய்ப் பக்கத்து இறகை விலக்கிப் பாருங்கள். பேன் ஓடுவது தெரியும். இறகின் அடித்தண்டில் வெள்ளையாகக் கொத்துக் கொத்தாக ஒட்டியிருப்பது பேன் முட்டை. அடைக்கு வைப்பதற்கு ஒரு வாரம் முன்பே சலித்த விறகுச் சாம்பலில் வேப்பிலைப் பொடியைக் கலந்து இறக்கை அடி, கழுத்து, பின்வாய் ஓரம் என்று தோலில் படும்படி தேயுங்கள். நான்கைந்து நாள் கழித்து இன்னொரு தடவை. கண்ணிலும் மூக்கிலும் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அடுப்புச் சாம்பல் நன்றாக ஆறியிருக்க வேண்டும். பூச்சி அதிகமாக இருந்தால் கால்நடை மருந்தகத்தில் கேட்டு மருந்து போடுங்கள், ஆனால் முட்டையில் உட்காரும் முன்பே. உட்கார்ந்த கோழி மேலும் கூடையிலும் பூச்சிமருந்து அடித்தால் ஓட்டின் நுண்துளை வழியே கருவுக்கும் போகும். குடற்புழு மருந்தும் இப்போதே கொடுத்துவிட வேண்டியதுதான்.

கூடையும் இடமும்

மூங்கில் கூடையோ மண்சட்டியோ மரப்பெட்டியோ எதுவானாலும் சரி. வாய் ஒன்றேகால் அடி அகலம், ஆழம் ஒரு சாண். அகலம் கூடினால் முட்டை ஓரத்துக்கு உருண்டு சூடு படாமல் கிடக்கும், ஆழம் கூடினால் கோழி மேலிருந்து குதித்து முட்டையை உடைக்கும். பிளாஸ்டிக் கூடை வேண்டாம், வழுக்கும், அடியில் காற்றும் ஏறாது.

அடியில் நான்கு விரல் உயரத்துக்கு மணல் அல்லது சாம்பல் கலந்த மண். நடுவைக் கையால் அழுத்திச் சட்டி போல லேசாகக் குழித்துவிடுங்கள். அதன் மேல் கசக்கி மெதுவாக்கிய வைக்கோல், வைக்கோலுக்கு அடியில் ஒரு கைப்பிடி உலர்ந்த வேப்பிலை. பூஞ்சை வாடை வரும் பழைய வைக்கோலை எடுக்காதீர்கள்.

கூடை இருக்கும் இடம் மங்கலான வெளிச்சத்தோடு, நடமாட்டம் இல்லாமல், ஒழுகாமல் இருக்க வேண்டும். மற்றக் கோழி ஏற முடியாத இடமாக இருப்பது எல்லாவற்றையும்விட முக்கியம். அடைக்கோழி தின்னப் போன நேரம் பார்த்து இன்னொன்று வந்து புது முட்டை இட்டுவிடும். அந்த முட்டை மற்றவற்றைவிடச் சில நாள் பின்தங்கி இருக்கும், மற்றவை பொரித்ததும் கோழி இதை விட்டு எழுந்துவிடும். அதற்காகத்தான் வைக்கிற ஒவ்வொரு முட்டையிலும் பென்சிலால் வட்டம் போடச் சொல்வது. வட்டம் இல்லாததை அன்றன்றைக்கே எடுத்துவிடலாம். மைப்பேனா வேண்டாம்.

இடிக்குப் பயந்து கூடையில் இரும்புத் துண்டு, அடுப்புக்கரி, மிளகாய் வற்றல் போடுவது வழக்கம். வீட்டுப் பெரியவர்கள் போடச் சொன்னால் போடுங்கள், கெடுதல் இல்லை. ஆனால் இடி இடிக்கும் இரவில் மழையும் வரும், கூரை ஒழுகும், நனைந்த கோழி எழுந்து போகும், முட்டை சில்லிடும். முதலில் கூரையைப் பாருங்கள்.

காலம் பார்த்து வைப்பதானால் தை, மாசி நல்லது. அக்னி நட்சத்திரத்தில் முட்டை சேர்ப்பதே கடினம். ஐப்பசி, கார்த்திகையில் பொரிக்கும் குஞ்சு ஈரத்தில் நடுங்கிச் சாகும்.

வைக்கும் இரவு

1. கூடையை இரண்டு நாள் முன்பே அதன் இடத்தில் வைத்து, உள்ளே பழைய முட்டை இரண்டு போடுங்கள்.

2. இருட்டிய பிறகு கோழியைச் சத்தமில்லாமல் இரண்டு கையாலும் தூக்கி வந்து கூடையில் உட்கார வையுங்கள். இருட்டில் கோழிக்குக் கண் சரியாகத் தெரியாது, முரண்டு பிடிக்காது. பகலில் மாற்றினால் பழைய பெட்டிக்கே ஓடும்.

3. மறுநாள் முழுக்க ஒரு பஞ்சாரத்தையோ பெரிய கூடையையோ மேலே கவிழ்த்து வையுங்கள். மாலையில் ஒரு தடவை இறக்கித் தின்ன விட்டு, அதுவாகத் திரும்பி வருகிறதா என்று பாருங்கள். வந்தால் இடம் பிடித்துப் போயிற்று.

4. அன்று இரவு பழைய முட்டையை எடுத்துவிட்டு, வட்டம் போட்ட முட்டைகளை ஒவ்வொன்றாக நெஞ்சின் அடியில் தள்ளுங்கள். எல்லாம் ஒரே இரவில் உள்ளே போக வேண்டும். இன்று ஐந்து, நாளை ஐந்து என்று வைத்தால் பொரிப்பதும் அப்படியே பிரிந்து போகும்.

5. சிறுவிடைக்குப் பத்து, நல்ல உடம்புக் கோழிக்குப் பன்னிரண்டு. வைத்த பிறகு பக்கத்திலிருந்து பாருங்கள். இறகுக்கு வெளியே ஒரு முட்டை தெரிந்தாலும் அதை எடுத்துவிடுங்கள். கோழி உள்ளேயும் வெளியேயுமாக முட்டையை மாற்றிக்கொண்டே இருக்கும், இடம் போதாவிட்டால் ஒவ்வொரு நாளும் வேறொரு முட்டை ஓரத்தில் கிடந்து சில்லிடும். பேராசைக்குப் பதினைந்து வைத்தால் எட்டுக்கூடத் தேறாது.

நாட்காட்டியில் குறித்துக்கொள்ளுங்கள். வெள்ளிக்கிழமை இரவு வைத்தால் அதிலிருந்து மூன்றாவது வெள்ளிக்கிழமை இருபத்தொன்றாம் நாள்.

உட்கார்ந்திருக்கும் நாட்கள்

நல்ல அடைக்கோழி நாளுக்கு ஒரு தடவை, கால் மணி முதல் அரை மணி நேரம் இறங்கும். தின்னும், குடிக்கும், புழுதியில் புரளும், சாணி உருண்டை அளவுக்கு நாற்றமடிக்கும் எச்சம் போடும். ஒரு நாள் எச்சத்தைச் சேர்த்துப் போடுவதால்தான் அவ்வளவு, நோய் என்று பயப்பட வேண்டாம். சில கோழி இறங்கவே இறங்காது. அதைத் தினமும் ஒரே நேரத்தில் நீங்களே தூக்கி இறக்கிவிட வேண்டும். தூக்கும் முன் இறக்கைக்கு அடியில் கையை விட்டுப் பாருங்கள், இடுக்கில் முட்டை இருந்தால் தூக்கும்போது விழுந்து உடையும்.

தீனியும் தண்ணீரும் கூடையிலிருந்து நான்கைந்து அடி தள்ளி இருக்கட்டும். கூடைக்குள்ளேயே கைக்கெட்டும்படி வைத்தால் அங்கேயே தின்று அங்கேயே எச்சம் போட்டு முட்டையை நாசமாக்கும். இந்த மூன்று வாரமும் முழுத் தானியமாக, கம்பு, சோளம், நெல் என்று போடுங்கள். மாவுத் தீனி இளக்கமான எச்சம் தரும். அடைக்காலத்தில் கோழி இளைப்பது இயல்பு.

ஒரு நாள் கோழி இரண்டு மணி நேரம் வெளியே நின்றுவிட்டால் முட்டையைத் தூக்கி எறிய வேண்டாம். நம் ஊர்ச் சூட்டில் கரு அதைத் தாங்கும், பொரிப்பது சற்றுத் தள்ளிப் போகலாம். உடைந்த முட்டையை உடனே எடுத்து, ஈரமான வைக்கோலை மாற்றுங்கள். வழிந்த முட்டை மற்றதில் ஒட்டியிருந்தால் வெதுவெதுப்பான நீரில் நனைத்துப் பிழிந்த துணியால் துடைத்தெடுங்கள்.

ஏழாம் நாள் வெளிச்சம் காட்டிப் பார்ப்பது

ஏழாம் நாள் இரவு, விளக்கை அணைத்துவிட்டு, கைப்பேசி டார்ச்சின் மேல் ஒரு ரூபாய் நாணயத்தைவிடச் சற்றுச் சிறிய ஓட்டை போட்ட அட்டையை வைத்து, முட்டையின் மழுங்கிய பக்கத்தை அந்த ஓட்டையில் பொருத்துங்கள். கரு கூடிய முட்டையில் நடுவே ஒரு கரும்புள்ளியும், அதிலிருந்து நாலாபக்கமும் சிலந்திக் கால் போல ஓடும் மெல்லிய சிவப்பு நரம்புகளும் தெரியும். கையை ஆட்டாமல் பிடித்தால் புள்ளி துடித்து அசைவதுகூடத் தெரியும். ஒன்றுமே இல்லாமல் ஒரே சீராக மஞ்சள் வெளிச்சமாக இருந்தால் சேவல் சேராதது. நரம்பு இல்லாமல் மோதிரம் போல ஒரு சிவப்பு வளையம் மட்டும் இருந்தால் கரு கூடி, நடுவில் செத்தது. எல்லாம் வெளிச்சமாக இருந்தால் சேவலைப் பாருங்கள். வளையம் நிறைய இருந்தால் முட்டையைச் சேர்த்து வைத்த இடத்தைப் பாருங்கள்.

வளையம் விழுந்ததை எடுத்துவிட வேண்டும். அழுகி, உள்ளே வாயு சேர்ந்து வெடித்தால் நாற்றத்தோடு கிருமியும் எல்லா முட்டையிலும் பரவும். சந்தேகமானதில் குறி போட்டு விட்டுவைத்துப் பதினான்காம் நாள் மறுபடி பாருங்கள். அப்போது நல்ல முட்டை, மழுங்கிய பக்கத்துக் காற்றறையைத் தவிர மற்றதெல்லாம் இருட்டாக இருக்கும். பத்து முட்டையையும் பார்க்க ஐந்து நிமிடத்துக்கு மேல் எடுத்துக்கொள்ள வேண்டாம்.

கடைசி மூன்று நாள்

பதினெட்டாம் நாளுக்குப் பிறகு முட்டையைத் தொடாதீர்கள். தண்ணீரில் மிதக்கவிட்டு ஆடுகிறதா என்று பார்க்கும் பழக்கம் சில இடங்களில் உண்டு. ஓட்டில் மயிரிழைக் கீறல் விட்டிருந்தால் உள்ளே தண்ணீர் போய்க் குஞ்சு மூழ்கிவிடும், தேவையில்லாத வேலை.

இருபதாம் நாள் காதை அருகில் கொண்டுபோனால் ஓட்டுக்குள்ளிருந்து கீச்சொலி கேட்கும், தாயும் மெல்லிய குரலில் பதில் கொடுக்கும். குஞ்சு முதலில் காற்றறையைக் குத்தி மூச்சு விடும், பிறகு அலகு நுனியிலுள்ள சின்ன முள்ளால் ஓட்டில் ஒரு புள்ளி உடைக்கும். அதற்குப் பிறகு பல மணி நேரம் ஒன்றுமே நடக்காது. புதிதாக வளர்ப்பவர் கை இங்கேதான் நீளும். அந்த நேரத்தில் குஞ்சு சும்மா இருப்பதில்லை. ஓட்டின் உட்தோலில் ஓடும் இரத்தத்தை உடம்புக்குள் இழுத்துக்கொண்டும், மிச்ச மஞ்சள் கருவை வயிற்றுக்குள் வாங்கிக்கொண்டும் இருக்கும். ஓட்டைப் பிய்த்து உதவினால் நரம்பு அறுந்து இரத்தம் கொட்டும், அல்லது மஞ்சள் கரு வெளியே தொங்கும். முதல் புள்ளி விழுந்து இருபத்து நான்கு மணி நேரம் வரை காத்திருக்கலாம்.

இந்த நாட்களில் பெரிய பகை எறும்பு. ஓடு உடையத் தொடங்கிய முட்டையின் ஈர வாடைக்குக் கூட்டமாக வந்து, வெளியே வராத குஞ்சையே கடித்துக் கொல்லும். பதினெட்டாம் நாளே கூடையை ஓரடி உயர முக்காலியில் ஏற்றி, கால்கள் ஒவ்வொன்றையும் தண்ணீர் ஊற்றிய கிண்ணத்தில் நிறுத்துங்கள். முக்காலி சுவரைத் தொடக் கூடாது. பொரித்து முடிந்ததும் தரைக்கு இறக்கிவிடுங்கள், இல்லாவிட்டால் குஞ்சு விழும்.

காலி ஓடு இன்னொரு முட்டையின் மேல் தொப்பி போலக் கவிழ்ந்தால் அந்தக் குஞ்சு வெளியே வர முடியாது. மாலையில் ஒரு தடவை கையை விட்டு ஓடுகளை மட்டும் எடுங்கள். முதல் குஞ்சு வந்து இரண்டு நாள் ஆகியும் பொரிக்காததை வெளிச்சத்தில் பார்த்துவிட்டுப் புதைத்துவிடலாம். அதற்கு மேல் தாய் காத்திருக்காது.

குஞ்சுகள்

வயிற்றில் வாங்கிய மஞ்சள் கரு இரண்டு நாள் பசியைத் தாங்கும். முதல் நாள் தீனி போடவில்லையே என்று கூடையிலிருந்து குஞ்சைப் பிடுங்காதீர்கள். தாயே இறக்கிக்கொண்டு வரும்.

ஆழமில்லாத தட்டில் கூழாங்கல் பரப்பித் தண்ணீர் வையுங்கள். திறந்த கிண்ணத்தில் அரை அங்குலத் தண்ணீர் இருந்தாலே குஞ்சு விழுந்து நனைந்து செத்துவிடும். முதல் நாள் தண்ணீரில் லிட்டருக்கு ஒரு தேக்கரண்டி வெல்லம் கரைக்கலாம். தீனிக்குக் கடையில் கிடைக்கும் குஞ்சுத் தீவனம் சுலபம். வீட்டில் கலப்பதானால் ஒரு கிலோவுக்குக் கம்பு அல்லது மக்காச்சோளக் குருணை 500 கிராம், தவிடு 150, கடலைப் புண்ணாக்குத் தூள் 250, உப்பில்லாத மீன்தூள் 80, தாது உப்புக் கலவை 20. சமையல் கருவாட்டை இடித்துப் போடாதீர்கள், அந்த உப்பு குஞ்சைக் கொல்லும். புண்ணாக்கில் பூஞ்சை இருந்தால் மொத்தமாக ஒதுக்குங்கள். முட்டைக்கோழித் தீவனத்தில் சுண்ணாம்பு அதிகம், குஞ்சின் சிறுநீரகம் கெடும்.

காசில்லாத நல்ல தீனி கறையான். பழைய பானையில் கிழிந்த சாக்கு, காய்ந்த ஓலை, சாணி எல்லாம் போட்டு, தண்ணீர் தெளித்து, கறையான் நடமாட்டம் உள்ள இடத்தில் மாலையில் கவிழ்த்து வையுங்கள். மறுநாள் காலை திறந்து குஞ்சுகள் முன் உதறினால் போதும்.

முதல் இரண்டு மூன்று வாரம் தாயையும் குஞ்சையும் பஞ்சாரத்துக்குள் வைப்பது காகம், பருந்து, பூனையிடமிருந்து காக்கும். பஞ்சாரத்தைத் தினமும் இடம் மாற்றிப் போடுங்கள். ஒரே இடத்து ஈரத்தில் கிடந்தால் மூன்றாம் வாரத்துக்கு மேல் இரத்தக் கழிச்சல் வரும். குஞ்சு குறுகி நின்று, எச்சத்தில் இரத்தம் தெரிந்தால் அன்றே மருந்தகத்துக்குப் போங்கள்.

தடுப்பூசியில் சோம்பல் வேண்டாம். வெள்ளைக் கழிச்சல் வந்தால் மருந்து கிடையாது, கொட்டகையே காலியாகும். ஐந்து முதல் ஏழு நாளுக்குள் கண்ணிலோ மூக்கிலோ ஒரு சொட்டு, நாலாம் வாரத்தில் மறுசொட்டு, எட்டாம் வாரத்தில் ஊசி. மருந்துக் குப்பி நூறு, இருநூறு குஞ்சுக்குரியது. கலக்கிய பின் இரண்டு மணி நேரத்துக்குள் தீர்த்துவிட வேண்டும். அதனால் தெருவில் கோழி வைத்திருப்பவர்கள் சேர்ந்து வாங்குவதுதான் கட்டுப்படியாகும். எடுத்து வரும்போது பனிக்கட்டியோடு கொண்டுவாருங்கள். கால்நடைப் பராமரிப்புத் துறை ஊர்களில் கோழிக் கழிச்சலுக்கு இலவச முகாம் நடத்துகிறது, உங்கள் கால்நடை மருந்தகத்தில் தேதி கேட்டு வையுங்கள்.

இரண்டு கோழி ஒரே வாரத்தில் அடைக்கு வந்தால் இரண்டையும் ஒரே நாளில் உட்கார வையுங்கள். பொரித்த முதல் இரண்டு நாளுக்குள், இரவில், எல்லாக் குஞ்சையும் நல்ல தாய் ஒன்றின் அடியில் தள்ளிவிட்டால் அது ஏற்றுக்கொள்ளும். மற்றது சீக்கிரமே அடுத்த ஈட்டுக்கு வரும். பகலில் விட்டால் அயல் குஞ்சை நிறம் பார்த்துக் கொத்தும்.

குஞ்சு வேண்டாம் என்றால்

அடைக்கு வந்த கோழியைத் தண்ணீரில் முக்குவதும், மூக்கில் இறகைச் செருகுவதும் இன்னும் நடக்கிறது. கோழிக்கு வதை, வேறொன்றும் இல்லை. நெஞ்சுச் சூடு தணிந்தால் அடை தெளியும். அடிப்பக்கம் கம்பி வலை போட்ட கூண்டில், கீழே காற்று ஓடும்படி தரையிலிருந்து ஒன்றரை அடி தூக்கி, வெளிச்சமான இடத்தில் மூன்று நான்கு நாள் வையுங்கள். வைக்கோல் எதுவும் போடாதீர்கள், தீனியும் தண்ணீரும் தாராளமாக இருக்கட்டும். வெளியே விட்டதும் பழைய பெட்டிக்கு ஓடாமல் மற்றக் கோழிகளோடு மேயப் போனால் தெளிந்துவிட்டது. ஓடினால் இன்னும் இரண்டு நாள் கூண்டு. தெளிந்த கோழி இரண்டு மூன்று வாரத்தில் மறுபடி முட்டைக்கு வரும்.